ஒன்பதரை மணி சீரியலா, எட்டு எபிசோட் சீரிஸா?

ராத்திரி ஒன்பதரை மணிக்கு எங்கள் அம்மா டி.வி.க்குப் பாதி முதுகைக் காட்டித்தான் உட்கார்ந்திருப்பார். மறுநாளைக்கு பீன்ஸ் நறுக்க வேண்டும், நடுவில் பாலை இறக்க வேண்டும், ஆனாலும் சீரியலில் ஒரு வசனம் தப்பாது. பின்னணி இசை தூக்கினால் மட்டும் திரும்புவார், அதற்குள் கேமரா மூன்று தடவை மாமியார் முகத்துக்குப் பாய்ந்திருக்கும். நாமெல்லாம் கிண்டலடிக்கிற அந்த 'டொய்ங்' சத்தம், கைவேலையாக இருப்பவரைக் கூப்பிடுகிற சத்தம் என்று எனக்குப் புரியவே ரொம்ப நாள் ஆனது.

புரிந்தது, அவரை 'சுழல்' என்ற வெப் சீரிஸ் பார்க்க உட்கார வைத்த அன்று. குக்கர் விசில் அடித்தது, எழுந்து போனார், திரும்பி வந்து "இவ எப்படா காணாமப் போனா?" என்றார். பின்னால் ஓட்டிக் காட்டினேன். இரண்டாவது தடவையும் ஓட்டியபோது எனக்கே எரிச்சல். வெப் சீரிஸில் முக்கியமான விஷயத்தை ஒரு பார்வையில் சொல்லிவிட்டுப் போய்விடுகிறார்கள், சமையல்கட்டிலிருந்து அதைக் காதால் பிடிக்க முடியாது.

கதை என்று வந்தால் என் ஓட்டு சீரிஸுக்குத்தான். 'எதிர்நீச்சல்' சீரியலையும் 'அயலி' வெப் சீரிஸையும் பக்கத்தில் வைத்துப் பாருங்கள். முதலாவதில் படித்த பெண்களை மருமகள்களாகக் கூட்டி வந்து அடுப்படியில் நிறுத்துகிறார்கள். இரண்டாவதில் வயதுக்கு வந்தால் கல்யாணம் பண்ணி வைத்துவிடுவார்கள் என்று ஒரு பெண் அதையே மறைத்துக்கொண்டு பள்ளிக்கூடம் போகிறாள். ஏறக்குறைய ஒரே கோபம்தான். 2023 ஜனவரியில் வந்த அயலி எட்டே எபிசோட், ஒரு ஞாயிற்றுக்கிழமையில் முடிந்துவிடும். எதிர்நீச்சல் 2022-இல் தொடங்கி 2024 வரை எழுநூறு எபிசோடைத் தாண்டியது. ஆரம்பத்தில் இருந்த கூர்மை கடைசி வரை இருந்ததா என்று கேட்டால், அம்மாவே உதட்டைப் பிதுக்குவார். எழுதுகிறவரை மட்டும் குறை சொல்ல முடியாது. எத்தனை பேர் பார்த்தார்கள் என்ற டி.ஆர்.பி. கணக்கு வாராவாரம் வரும், அதைப் பார்த்து ஒரு கல்யாணத்தை மூன்று வாரத்துக்கு இழுப்பார்கள், இல்லையென்றால் சட்டென்று முடிப்பார்கள். முழுசாக எழுதி, எடுத்து முடித்துவிட்டு வெளியிடுகிற சீரிஸுக்கு இந்தத் தலைவலி கிடையாது. எதிர்நீச்சலில் நடித்த மாரிமுத்து 2023 செப்டம்பரில் திடீரென்று இறந்தபோதும் கதை நிற்க முடியவில்லை; அந்தப் பாத்திரத்துக்கு வேல ராமமூர்த்தி வந்தார். 'இனி இவருக்குப் பதில் இவர்' என்பது சீரியல் உலகத்தில் மட்டும் செல்லுபடியாகிற ஏற்பாடு.

ஆனால் மாரிமுத்துவின் "இந்தாம்மா ஏய்" ஊர் முழுக்கப் பரவியதே, அப்படி ஒரு வசனம் எந்தத் தமிழ் வெப் சீரிஸிலிருந்தாவது வந்ததா? எனக்குத் தெரிந்து இல்லை. எல்லோரும் ஒரே ராத்திரியில் பார்த்தால்தான் மறுநாள் பேச ஆள் இருக்கும். சீரிஸை நீங்கள் மூன்றாவது எபிசோடில் இருக்கும்போது நண்பர் முடித்திருப்பார், கொலைகாரன் யார் என்று அவர் உளறாமல் இருந்தாலே புண்ணியம். கொலைகாரன் என்றதும் ஞாபகம் வருகிறது: 2022-இல் வந்த சுழல், விலங்கு, வதந்தி மூன்றுமே போலீஸ் விசாரணைதான். மாமியார் கொடுமை அலுக்கிறது என்று இந்தப் பக்கம் வந்தால் இங்கே தினம் ஒரு பிணம், கூடவே பெரியவர்களோடு உட்கார்ந்து கேட்க முடியாத கெட்ட வார்த்தை வேறு.

பணக் கணக்கு பெரிய விஷயமில்லை. கேபிளுக்கு மாசாமாசம் கட்டுகிறோம், ஓ.டி.டி.க்கு வருஷ சந்தா. சீரியலும் இப்போது ஆப்பிலேயே கிடைப்பதால் டி.வி. பெட்டிதான் அனாதை.

நடுவழி ஒன்றும் இருக்கிறது. 2024-இல் ஹாட்ஸ்டாரில் வந்த 'ஹார்ட் பீட்' முதல் சீசன் மட்டுமே நூறு எபிசோட், ஆஸ்பத்திரிக் கதை, வாராவாரம் கொஞ்சமாக விட்டார்கள். பீன்ஸ் நறுக்கிக்கொண்டும் பார்க்கலாம், பிணமும் அதிகமில்லை. அம்மா, நான், தங்கச்சி மூன்று பேரும் சண்டையில்லாமல் பார்த்தது அது ஒன்றுதான்.