தெருமுனைக் குவியாடி: எட்டு மாதப் பயன்பாட்டுக்குப் பின் ஒரு மதிப்பீடு

சென்னை நங்கநல்லூரில் எங்கள் தெரு போய்ச் சேரும் குறுக்குத் தெருவின் முனையில், ஆறடி மதிற்சுவரும் அதன்மேல் படர்ந்த காகிதப்பூக் கொடியும் வலப்பக்கப் பார்வையை முழுவதுமாக மறைத்திருந்தன. வண்டியின் முன்சக்கரம் குறுக்குத் தெருவுக்குள் நுழைந்த பிறகுதான் அங்கே யார் வருகிறார்கள் என்பதே தெரியும். சென்ற ஆண்டு பள்ளி விடும் நேரத்தில், மிதிவண்டியில் திரும்பிய ஏழாம் வகுப்பு மாணவி ஒருத்தி ஸ்கூட்டர் மோதி முழங்கை முறிந்து விழுந்தாள். அதன்பிறகு தெருவில் பதினொரு வீட்டார் பணம் சேர்த்து, புரட்டாசியில், முன்புறம் புடைத்து, திருப்பத்துக்கு அப்பால் வருவதைக் காட்டும் குவியாடி ஒன்றை வாங்கிப் பொருத்தினோம்.

நாங்கள் வாங்கியது 80 செ.மீ. விட்டமும் ஆரஞ்சு விளிம்பும் கொண்ட பாலிகார்பனேட் (உறுதியான பிளாஸ்டிக்) ஆடி. விலை 3000 ரூபாய்க்குச் சற்றுக் குறைவு. கண்ணாடியாக இருந்தால் உடைந்து தெருவில் சிதறும் என்பதால் பாலிகார்பனேட்டைத் தேர்ந்தெடுத்தோம். பையன்களின் கிரிக்கெட் பந்து இருமுறை பட்டும் இதுவரை கீறல்கூட விழவில்லை. ஆடியின் தரத்தில் எனக்குக் குறையில்லை. ஆனால் அதைக் கம்பத்தோடு இறுக்கிப் பிடிக்க உடன் வந்த கிளாம்ப் மிகவும் மெல்லிய தகடு. மின்கம்பத்தில் அனுமதியின்றி எதையும் கட்டக்கூடாது என்பதால், எதிர்வீட்டுக்காரரின் சம்மதத்துடன் அவர் மதிலின் உட்புறம் இரண்டு அங்குல ஜி.ஐ. (துத்தநாகம் பூசிய இரும்பு) குழாய் ஒன்றை நட்டு அதில் பொருத்தினோம். கோணம் பார்ப்பதுதான் பெரிய வேலை. ஒருவர் ஏணியில் நின்று ஆடியைத் திருப்ப, நான் ஸ்கூட்டரில் அமர்ந்து சொல்லிக்கொண்டே இருந்தேன். ஸ்கூட்டருக்குச் சரியாக அமைந்த கோணம் காரில் அமர்ந்து பார்த்தபோது சரியாக இல்லை. இரண்டுக்கும் பொதுவான சாய்வைக் கண்டுபிடிக்க ஒரு மணி நேரம் ஆயிற்று.

பகலில் ஆடி நன்றாகவே உழைக்கிறது. முனையில் நின்று பார்த்தால், குறுக்குத் தெருவில் நாலைந்து வீடுகளுக்கு அப்பால் வரும் ஆட்டோவும் தெரிகிறது. எனினும் குவியாடியில் பிம்பம் சிறிதாக விழுவதால், அருகில் வரும் வண்டியும் தொலைவில் இருப்பதாகவே கண் நம்பிவிடும். இடவல மாற்றத்தால், இடது ஓரமாக வரும் வண்டி வலது ஓரமாக வருவதுபோலவும் தோன்றும். சென்னையில் குடியிருப்புப் பகுதிகளுக்கு 2023 நவம்பரில் அறிவிக்கப்பட்ட வேக வரம்பு மணிக்கு 30 கி.மீ.; அந்த வேகத்தில் வருகிற வண்டியே ஒரு விநாடியில் 8 மீட்டருக்கு மேல் கடந்துவிடும். ஆகவே ஆடியில் எது அசைந்தாலும் நின்றுவிட வேண்டும், தூரத்தைக் கணக்குப் போட்டுப் புகக்கூடாது என்று எங்கள் வீட்டுப் பிள்ளைகளுக்குச் சொல்லி வைத்திருக்கிறோம். இரவில் முகப்பு விளக்கு கூசுவதால் வண்டி வருவது மட்டுமே தெரியும், எவ்வளவு அருகில் என்பது தெரியாது. மார்கழிக் காலைகளில் பால்காரரும் பள்ளி வேனும் வரும் நேரத்தில் பனி படிந்து ஆடி வெள்ளைத் தட்டாகிவிடும். நீண்ட குச்சியில் துணி சுற்றி நாள்தோறும் துடைத்தோம்.

இந்த ஆடி நடந்து செல்பவர்களுக்கு உதவுவதில்லை என்பதுதான் என் உண்மையான வருத்தம். விடியற்காலையில் கோயிலுக்குப் போகும் பாட்டி அதில் ஒரு மெல்லிய கோடாகக்கூடத் தெரிவதில்லை. இந்தியச் சாலைகளில் 2022ஆம் ஆண்டில் மட்டும் இறந்த பாதசாரிகள் 32,825 பேர் என்று மத்திய அரசின் அறிக்கை சொல்கிறது. வண்டி ஓட்டுபவர் தாமாக வேகத்தைக் குறைத்தால்தான் ஆடியைப் பார்க்கவே அவருக்கு நேரம் கிடைக்கும். குறைக்காதவருக்கு அது ஒரு ஆரஞ்சு வட்டம்தான். எனவே வேகத்தடை கேட்டு மனுக் கொடுத்தோம். ஐந்து மாதத்தில் வந்தது, ஆனால் வந்தது தார்க்குவியல். சாலைத் தரங்களை வகுக்கும் இந்தியச் சாலைக் குழுமத்தின் (IRC) 1988ஆம் ஆண்டு வழிகாட்டுதல், வளைந்த முதுகுடைய வேகத்தடை வண்டி செல்லும் திசையில் 3.7 மீட்டர் அகலமும் நடுவில் 10 செ.மீ. உயரமும் கொண்டு, கறுப்பு வெள்ளைப் பட்டைகளுடன் இருக்க வேண்டும் என்றது. எங்களுடையது அரை மீட்டர் அகலம்கூட இல்லாத செங்குத்தான மேடு, வண்ணமும் பூசவில்லை. அது சாக்கடை ஓரம் வரை எட்டாததால், இருசக்கர வண்டிகள் மேட்டைத் தவிர்த்து, ஜனங்கள் நடக்கும் அந்த ஓரத்து இடைவெளியிலேயே புகுந்து போகின்றன. சரியாகப் போட்டுத் தருமாறு மீண்டும் எழுதியிருக்கிறோம்.

செலவே இல்லாமல் அதிகப் பலன் தந்தது வேறொன்று: மதில்வீட்டம்மாளிடம் கேட்டுக் காகிதப்பூக் கொடியை வெட்டியதும், முனையை ஒட்டி வேன் நிறுத்துபவரிடம் பேசிச் சற்றுத் தள்ளி நிறுத்தச் செய்ததும். இப்போது கண்ணாலேயே பாதித் தெரு தெரிகிறது, ஆடி மீதியைக் காட்டுகிறது. அதனால் உங்கள் தெருமுனைக்கு இதை வாங்க நினைப்பவர்கள், மறைப்புகளை முதலில் அகற்றிவிட்டு வாங்குங்கள், 60 செ.மீ. ஆடியில் பிம்பம் இன்னும் சிறிதாக விழும், ஆகையால் 80 செ.மீ.க்குக் குறைத்து வாங்க வேண்டாம். கிளாம்பை மட்டும் உள்ளூர்ப் பட்டறையில் கனத்த பட்டை இரும்பில் செய்து கொள்ளுங்கள், ஏனெனில் எங்களுடையது ஐப்பசி மழைக்காற்றில் தளர்ந்து, ஆடி இரண்டு நாள் வானத்தைப் பார்த்துக்கொண்டிருந்தது.