இலையில் நூறு கிராம்: இருட்டுக்கடை அல்வா

திருநெல்வேலியில் அல்வாவுக்குப் பேர்போன இருட்டுக்கடைக்குப் பெயர்ப்பலகை கிடையாது. நெல்லையப்பர் கோவிலுக்கு எதிரே கீழ ரத வீதியில் சாயங்காலம் ஐந்து மணிக்கு மேல் எங்கே வரிசை நிற்கிறதோ அதுதான் கடை. ரயில் நிலையத்தை ஒட்டிய ஜங்ஷனில் அதே பெயர் தொங்கும் பலகைகளைப் பார்த்து பையை நிரப்பிவிடாதீர்கள்; ஈரடுக்கு மேம்பாலம் தாண்டி, கோவில் இருக்கும் டவுனுக்கு வந்தாக வேண்டும். சரக்கு தீர்ந்தால் கடை அடைப்புதான். எட்டு மணிக்கு மேல் போவது சூதாட்டம்.

பெரும்பாலோர் அரைக்கிலோ, ஒரு கிலோ என்று பொட்டலம் கட்டிக்கொண்டு நகர்ந்துவிடுகிறார்கள். தவறு. முதலில் நூறு கிராம் இலையில் வாங்கி, சூடு ஆறுமுன் அங்கேயே நின்று தின்றுவிட வேண்டும். பல்லுக்கு வேலையே இருக்காது; நாக்கில் வைத்ததும் வழுக்கிக்கொண்டு இறங்கும், விரலில் நெய் மினுங்கும்.

அந்த வழுக்கல் கோதுமைப் பாலின் கைவரிசை. சம்பா கோதுமையை ராத்திரி முழுக்க ஊறவைத்து, ஆட்டி, பிழிந்து, பாலைத் தெளியவிட்டு, மேலே நிற்கும் புளிச்ச தண்ணீரை வடிப்பார்கள். லேசான புளிப்பு ஏறினால்தான் இனிப்புக்கு ஆழம். பிறகு சர்க்கரை, நெய், விடாத கிண்டல். கை கொஞ்சம் நின்றாலும் அடிபிடித்துவிடும், கட்டி தட்டும். சர்க்கரை முறுகித்தான் அந்தப் பழுப்பு நிறம் வரும். செக்கச்செவேல் என்றிருந்தால் சாயம். ரப்பர் மாதிரி இழுத்தால் மைதாவோ சோளமாவோ கலந்தது. எந்தக் கடையில் வாங்கினாலும் இந்த இரண்டையும் பார்த்துக்கொள்ளுங்கள்.

வீட்டுக்குக் கொண்டுபோனவர்கள் ஃப்ரிட்ஜில் வைத்துவிட்டு "கல்லு மாதிரி ஆயிட்டு" என்று கடையைத் திட்டுவதுண்டு. குளிரில் நெய் உறையும், கோதுமை மாவுச்சத்து இறுகும், வேறென்ன நடக்கும்? ஈரக்கரண்டி படாமல் வெளியிலேயே வைத்துச் சில நாளில் தின்று தீர்க்கலாம். சூடு வேண்டுமானால் கிண்ணத்தோடு வெந்நீரில் இறக்கி வையுங்கள். நேரே அடுப்பில் வைத்தால் நெய் தனியே, சக்கை தனியே.

குறை என்றால் நிற்க இடமில்லாததுதான். கோவிலுக்கு வருகிறவர்கள், பூக்கூடைகள், டூவீலர்கள் எல்லாம் அந்த ஒரே வீதியில். காரை டவுன் நுழைவு வளைவான ஆர்ச் பக்கமே விட்டுவிட்டு நடப்பது உத்தமம். ஆனித் தேரோட்டத்தன்று அல்வாவை மறந்துவிட்டு வடம் பிடிக்கப் போங்கள். தின்று திகட்டினால் பக்கத்தில் ஐம்பது கிராம் காராச்சேவு.