திறந்த மேடையா, வாய்ப்பூட்டா, எல்லைக்கோடா? டெக் நிறுவனங்களில் பாலின விவாதம்

டெக் துறையில் பெண்கள் ஏன் குறைவு என்பதற்குத் தனக்குத் தோன்றிய காரணங்களை ஒரு பொறியாளர் பத்துப் பக்கத்துக்கு எழுதி அலுவலகத்தில் சுற்றுக்கு விடுகிறார். பெண்களின் இயல்பே ஒரு காரணம் என்கிறார். அதைப் படித்த பெண் பொறியாளர் மறுநாள் அதே ஆளோடு உட்கார்ந்து வேலை பார்க்க வேண்டும். நிறுவனம் என்ன செய்வது?

கூகுளில் 2017-ல் இதுதான் நடந்தது. அதன்பின் வந்த ஆண்டுகளில் அமெரிக்க டெக் நிறுவனங்கள் இதற்கு மூன்று விதமாகப் பதில் சொல்லிப் பார்த்துவிட்டன. எதை வேண்டுமானாலும் பேசு என்பது ஒன்று. வேலையைத் தவிர எதையும் பேசாதே என்பது இன்னொன்று. பேசு, ஆனால் இந்தக் கோட்டைத் தாண்டாதே என்பது மூன்றாவது. என் சாய்வு மூன்றாவதன் பக்கம். அதிலும் ஓட்டைகள் உண்டு, அவற்றையும் பார்ப்போம்.

அதற்கு முன் சட்டம். "கருத்துச் சுதந்திரம் என்ன ஆயிற்று?" என்று அப்போது நிறையப் பேர் கேட்டார்கள். அமெரிக்க அரசியல் சட்டத்தின் முதல் திருத்தம் அரசாங்கத்தின் கையை மட்டுமே கட்டுகிறது, தனியார் முதலாளியை அது தொடாது. தனியார் ஊழியருக்குப் பாதுகாப்பு வேறு இடத்திலிருந்து வருகிறது. சம்பளம், வேலைச்சூழல் பற்றி ஊழியர்கள் சேர்ந்து பேசும் உரிமையை 1935-ஆம் ஆண்டின் தேசியத் தொழிலாளர் உறவுச் சட்டம், 7-வது பிரிவில் தருகிறது. அதற்குச் சங்கம் இருக்க வேண்டும் என்றுகூட இல்லை. கலிபோர்னியாவில் தொழிலாளர் சட்டத் தொகுப்பின் 1101, 1102 பிரிவுகள் ஊழியரின் அரசியல் செயல்பாட்டை முதலாளி கட்டுப்படுத்துவதைத் தடுக்கின்றன. ஆக, நாடு முழுவதும் தனியார் ஊழியர் நம்பிப் பிடித்துக்கொள்ளக்கூடிய காப்பு, தான் வேலை செய்யும் இடத்தைப் பற்றிய பேச்சுக்கே கிடைக்கிறது. பின்னால் இது முக்கியமாகும்.

திறந்த மேடை

2017 வரை கூகுள் ஏறக்குறைய இப்படித்தான் இருந்தது. உள்ளுக்குள் ஆயிரக்கணக்கான மின்னஞ்சல் குழுக்கள். வாராந்தரக் கூட்டத்தில் நிறுவனர்களையே நிற்க வைத்துக் கேள்வி கேட்கலாம். எந்தக் கேள்வி முதலில் வர வேண்டும் என்பதைக்கூட ஊழியர்களே வாக்களித்து முடிவு செய்வார்கள். இதன் அருமையைக் குறைத்துச் சொல்ல மாட்டேன். மேலே இருப்பவர்களுக்குக் கெட்ட செய்தி சீக்கிரம் போய்ச் சேர இதைவிட நல்ல வழி இல்லை.

முதலில் சொன்ன பொறியாளர் ஜேம்ஸ் டமோர் தன் குறிப்பை எழுதியது இந்தச் சூழலில்தான். பன்மைத்துவம், அதாவது பெண்கள் உட்பட எல்லாத் தரப்பினருக்கும் இடம் தருவது, பற்றிய பயிற்சிக் கூட்டங்களுக்குப் போய்வந்த பிறகு எழுதியதாக அவர் சொன்னார். அந்த ஆண்டு கூகுளின் சொந்தக் கணக்குப்படி மொத்த ஊழியர்களில் பெண்கள் 31 சதவீதம், தொழில்நுட்ப வேலைகளில் 20 சதவீதம். இந்த இடைவெளிக்குப் பாகுபாடு மட்டுமே காரணம் என்று நிறுவனம் எடுத்துக்கொள்கிறது, மாற்றுக் கருத்து சொல்ல ஆட்கள் பயப்படுகிறார்கள் என்பது அவருடைய முதல் குறை. பெண்களுக்கென்று தனியாக நடத்தும் திட்டங்கள் நியாயமில்லை என்பது அடுத்தது. இந்த இரண்டும் நிறுவனக் கொள்கை மீதான விமர்சனம். யாரும் சொல்லலாம், யாரும் மறுக்கலாம்.

அவர் அங்கே நிற்கவில்லை. ஆண் பெண் விருப்பங்களும் திறன்களும் சராசரியில் வேறுபடுகின்றன, அதில் ஒரு பகுதிக்கு உயிரியல் காரணம் என்றார். பதற்றப்படும் குணம் பெண்களிடம் சராசரியில் அதிகம் என்றும் எழுதினார். அவருக்கு நியாயமாக ஒன்றைச் சொல்லியாக வேண்டும்: ஆண்களின் அளவுகளும் பெண்களின் அளவுகளும் பெருமளவு ஒன்றின்மேல் ஒன்று படிகின்றன, இதை வைத்துத் தனி ஒரு பெண்ணைப் பற்றி எதுவும் சொல்ல முடியாது என்று வரைபடம் போட்டே எழுதியிருந்தார்.

இருந்தும் அந்த வாதம் அலுவலகத்துக்குள் வரும்போது வேறொன்றாகிவிடுகிறது. கூகுளில் ஒருவருக்குப் பதவி உயர்வு கிடைப்பதில் சக ஊழியர்கள் எழுதும் மதிப்பீட்டுக்குப் பெரிய பங்கு இருந்தது. உங்கள் பாலினத்தாரிடம் திறன் வேறுபாடு இருக்கலாம் என்று கையெழுத்திட்டு எழுதியவர் உங்கள் மதிப்பீட்டையும் எழுதுகிறார் என்றால், அதில் வரும் ஒவ்வொரு குறையையும் எந்தக் கண்ணோடு படிப்பீர்கள்? அந்த மனிதர் நேர்மையானவராகவே இருக்கட்டும். சந்தேகம் உங்கள் தலையில் ஏறிவிட்டது, இறக்கி வைக்க வழியில்லை. நேர்முகத் தேர்வுகளைத் தாண்டி உள்ளே வந்த ஒரு பெண், மக்கள்தொகைச் சராசரிக்குப் பதில் சொல்ல வேண்டிய நிலைக்கு ஆளாகிறார்.

(வாதத்தின் உள்ளடக்கத்துக்கும் ஒரு பதில் உண்டு. அமெரிக்காவில் கணினி அறிவியல் இளநிலைப் பட்டம் பெற்றவர்களில் பெண்களின் பங்கு 1980-களின் நடுவில் 37 சதவீதம் வரை போனது. அடுத்த கால் நூற்றாண்டில் அது 18 சதவீதத்துக்கு இறங்கியது. உயிரியல் அத்தனை வேகத்தில் மாறாது.)

திறந்த மேடையின் இன்னொரு பலவீனம், அது திறந்ததாக இருப்பது உள்ளே மட்டும் என்ற நம்பிக்கை. ஆகஸ்ட் 5 அன்று குறிப்பு வெளியே கசிந்தது. 7-ஆம் தேதி டமோர் நீக்கப்பட்டார். 10-ஆம் தேதி எல்லோரையும் கூட்டிப் பேசுவதாக இருந்தது. அதற்கு ஊழியர்கள் அனுப்பிய கேள்விகளும் சிலரது பெயர்களும் வெளியே போய்விட, பாதுகாப்பை நினைத்து ஊழியர்கள் அஞ்சினார்கள். சுந்தர் பிச்சை கூட்டத்தை ரத்து செய்தார். விவாதத்தையே அடையாளமாக வைத்திருந்த நிறுவனத்தில், மிகவும் தேவைப்பட்ட விவாதம் நடக்கவில்லை. அடி ஒரு பக்கத்துக்கு மட்டும் விழுந்ததாகவும் நினைக்க வேண்டாம். பன்மைத்துவத்துக்கு ஆதரவாக உள்ளே எழுதியதற்காக 2017 நவம்பரில் தன்னை நீக்கிவிட்டார்கள் என்று இன்னொரு பொறியாளர் அடுத்த பிப்ரவரியில் வழக்குத் தொடுத்தார். எல்லை முன்கூட்டியே தெரியாத இடத்தில், எந்தப் பக்கத்துக்காரரும் எப்போது அதைத் தாண்டிவிட்டோம் என்று வேலை போன பிறகுதான் தெரிந்துகொள்கிறார்.

வாய்ப்பூட்டு

2020 செப்டம்பரில், கிரிப்டோ நாணயச் சந்தை நடத்தும் காயின்பேஸ் நிறுவனத்தின் தலைவர் பிரையன் ஆம்ஸ்ட்ராங், நிறுவனம் இனி தன் நோக்கத்தில் மட்டும் கவனம் செலுத்தும், வேலைக்குத் தொடர்பில்லாத சமூக, அரசியல் விவாதங்களுக்கு உள்ளே இடமில்லை என்று அறிவித்தார். பிடிக்காதவர்கள் நான்கு முதல் ஆறு மாதச் சம்பளத்தோடு விலகலாம். சுமார் 60 பேர், அதாவது ஊழியர்களில் ஏறத்தாழ 5 சதவீதம், விலகினார்கள். 2021 ஏப்ரலில் பேஸ்கேம்ப் என்ற மென்பொருள் நிறுவனம் இதே வழியில் போனது. அறுபது பேருக்கும் குறைவான அந்தச் சிறு நிறுவனத்தில் கிட்டத்தட்ட மூன்றில் ஒரு பங்கினர் வெளியேறினார்கள்.

இந்த வழிக்கு ஆதரவாகச் சொல்ல நிறைய இருக்கிறது. காலையிலிருந்து மாலைவரை உள்பேச்சில் சண்டை ஓடினால் வேலை கெடும். ஊழியர் தன் அரசியலை அலுவலகத்தில் அவிழ்த்து வைத்தாக வேண்டும் என்ற கட்டாயமும் நல்லதில்லை. அமைதியாக வந்து வேலையைப் பார்த்துவிட்டுப் போக விரும்பும் பெண்களும் உண்டு, ஒவ்வொரு முறையும் பெண்களுக்காக வாதாட அவர்களால் முடியாது. அவர்களுக்கு இந்த மௌனம் ஒரு நிம்மதி.

சிக்கல் எங்கே என்றால், எது அரசியல், எது வேலை என்று தீர்மானிப்பவர் மேலாளர். பேஸ்கேம்ப் விவகாரத்தின் வேர் தேர்தலிலோ போராட்டத்திலோ இல்லை. வேடிக்கையாக இருக்கிறது என்று வாடிக்கையாளர்களின் பெயர்களை ஊழியர்கள் பல ஆண்டுகளாகச் சேர்த்து வைத்திருந்த ஒரு பட்டியலில் அது தொடங்கியது. ஆசிய, ஆப்பிரிக்கப் பெயர்களும் அதில் இருந்தன. அது அந்த அலுவலகத்தின் சொந்த வேலை, சொந்தத் தவறு. அதைப் பற்றிய பேச்சின் தொடர்ச்சியாகத்தான் தடை வந்தது, பன்மைத்துவத்துக்காக ஊழியர்கள் சேர்ந்த குழுவும் கலைந்தது.

காயின்பேஸிலும் இதைப் பொருத்திப் பாருங்கள். அறிவிப்பு வந்த 2020-ன் டிசம்பரில் நியூயார்க் டைம்ஸ் அதன் பழைய ஊதியத் தரவை ஆராய்ந்து, ஒத்த வேலையிலும் பதவியிலும் பெண்களுக்கு ஆண்களைவிடச் சராசரியாக 8 சதவீதம் குறைவாகக் கிடைத்ததாக எழுதியது. தரவு அந்த அறிவிப்புக்கு முந்தையது, ஆகவே பழியை அறிவிப்பின்மேல் போட முடியாது. என் கேள்வி வேறு. பாலினத்தைப் பற்றி வாய் திறந்தாலே அரசியல் என்று பெயர் வாங்கும் இடத்தில், என் சம்பளம் ஏன் குறைவு என்று பக்கத்து இருக்கைக்காரரிடம் கேட்கும் துணிச்சல் ஒரு பெண்ணுக்கு எப்படி வரும்? 7-வது பிரிவு காப்பதே அந்தப் பேச்சைத்தான்.

உபரில் பொறியாளராக இருந்த சூசன் ஃபௌலர் 2017 பிப்ரவரியில் அந்த நிறுவனத்தைப் பற்றி எழுதியதில் ஒரு சின்ன விஷயம் வரும். அவர் பிரிவில் எல்லோருக்கும் தோல் ஜாக்கெட் தருவதாகச் சொல்லி அளவும் எடுத்தார்கள். பிறகு, பெண்களுக்குக் கிடையாது என்று தகவல் வந்தது. ஆண்கள் நூற்றுக்கும் மேல் இருந்ததால் மொத்தக் கொள்முதலில் தள்ளுபடி கிடைத்தது. மீதமிருந்த ஆறு பெண்களுக்கு அந்தத் தள்ளுபடி இல்லை. முறையிட்டதற்கு, சமத்துவம் வேண்டுமென்றால் ஜாக்கெட் கிடைக்காததுதான் சமத்துவம் என்கிற மாதிரி பதில் வந்ததாம். அவர் எழுதியதில் மேலாளர் அனுப்பிய பாலியல் செய்திகளும் இருந்தன, அந்த ஆளை மனிதவளத் துறை திரும்பத் திரும்பக் காப்பாற்றிய கதையும் இருந்தது. ஆனால் ஒரு நிறுவனத்தின் மனம் அந்த ஜாக்கெட் கணக்கில்தான் எனக்குத் தெளிவாகத் தெரிகிறது. இது அரசியலா, வேலையா? அங்கிருந்த மேலாளரைக் கேட்டிருந்தால் தேவையில்லாத சர்ச்சை என்றிருப்பார். ஃபௌலர் வேலையை விட்ட பிறகு வெளியே எழுதியதால்தான் விசாரணை வந்தது. அந்த ஜூனில் இருபதுக்கும் மேற்பட்டவர்களை உபர் நீக்கியது, தலைவர் டிராவிஸ் கலானிக்கும் பதவி விலகினார்.

வாய்ப்பூட்டு எல்லோருக்கும் ஒரே மாதிரி போடப்படுகிறது என்பது உண்மை. இருக்கிற நிலைமையில் குறையில்லாதவருக்கு அது ஒன்றும் செய்யாது, குறை இருப்பவருக்குத்தான் இறுகும்.

எல்லைக்கோடு

மூன்றாவது வழியின் வரைபடம் டமோர் வழக்கிலேயே கிடக்கிறது. நீக்கம் பற்றி ஊழியர்களுக்கு எழுதிய கடிதத்தில் பிச்சை, குறிப்பில் உள்ளதில் பெரும்பகுதி விவாதத்துக்கு உரியதுதான் என்றார். சக ஊழியர்களில் ஒரு சாரார் இயற்கையிலேயே இந்த வேலைக்குக் குறைந்த தகுதி உள்ளவர்கள் என்று சொல்லும் பகுதிதான் எல்லை தாண்டியது என்றார். முன்பு சொன்ன 1935-ஆம் ஆண்டுச் சட்டத்தை அமல்படுத்துவது தேசியத் தொழிலாளர் உறவு வாரியம். டமோரின் புகாரைப் பரிசீலித்த அதன் வழக்கறிஞரும் 2018 ஜனவரியில் அதே இடத்தில்தான் கோடு கிழித்தார். பன்மைத்துவத் திட்டங்களை விமர்சித்த பகுதிகளுக்குச் சட்டப் பாதுகாப்பு இருந்திருக்கலாம். உயிரியல் வேறுபாடு பற்றிய பகுதிக்கு இல்லை, நீக்கமும் அதற்காக மட்டுமே நடந்தது என்பது அவர் முடிவு. வேலைக்கு விண்ணப்பித்திருந்த குறைந்தது இரண்டு பெண் பொறியாளர்கள் இந்தக் குறிப்பைக் காரணம் காட்டி விலகினார்கள் என்பதையும் அவர் பதிவு செய்தார்.

கொள்கையைப் பற்றி எதுவும் பேசு, கூட வேலை செய்பவரின் தகுதியை அவர் பிறப்பை வைத்து அளக்காதே. கோடு இவ்வளவுதான். இந்தக் கோட்டில் தோல் ஜாக்கெட் புகாரும் நிற்கும், பெண்களுக்கான தனித் திட்டங்கள் நியாயமில்லை என்ற புகாரும் நிற்கும். 2018 நவம்பர் 1 அன்று சுமார் 20,000 கூகுள் ஊழியர்கள் வேலையை நிறுத்திவிட்டு வெளியே வந்ததும் இதற்குள்தான் அடங்கும். பாலியல் புகாருக்கு ஆளான, ஆண்ட்ராய்டை உருவாக்கியவர்களில் ஒருவரான ஆண்டி ரூபினுக்கு 9 கோடி டாலர் கொடுத்து வழியனுப்பியதை எதிர்த்து நடந்தது அது. அதன் விளைவாகப் பாலியல் தொந்தரவுப் புகார்களில் கட்டாய நடுவர் முறையை, அதாவது நீதிமன்றம் போகாமல் நடுவரிடமே தீர்த்தாக வேண்டும் என்ற விதியை, நிறுவனம் கைவிட்டது. வாய்ப்பூட்டு போட்ட இடத்தில் இது நடந்திருக்குமா?

ஓட்டைகளுக்கு வருவோம். கோட்டை யார் போடுவது என்ற கேள்வி இங்கும் போகவில்லை, கொஞ்சம் சுருங்கியிருக்கிறது, அவ்வளவுதான். கொள்கை விமர்சனத்தைத் தகுதி பற்றிய பேச்சாகத் திரித்துப் புகார் கொடுக்க முடியும். பயந்தவர்கள் கோட்டுக்குப் பத்தடி முன்னாலேயே நின்றுவிடுவார்கள். கூகுள் செய்ததும் முன்மாதிரி இல்லை. குறிப்பு உள்ளே உலவியபோது அமைதியாக இருந்துவிட்டு, வெளியே கசிந்த இரண்டு நாளில் ஆளை அனுப்பியது. மாற்றுக் கருத்துச் சொன்னால் வேலை போகும் என்று அவர் எழுதியது சரிதான் என்று அவர் பக்கத்தார் சொல்ல அதுவே போதுமானதாகிவிட்டது. கோடு சரியான இடத்தில் விழுந்தது, ஆனால் சம்பவம் நடந்த பிறகு விழுந்தது என்பது என் கருத்து.

முன்கூட்டியே எழுதி வைத்திருந்தால் என்ன நடந்திருக்கும்? உள்ளே யாராவது முறையிட்ட அன்றே மேலாளர் டமோரைக் கூப்பிட்டு, முதல் பகுதியை வைத்துக்கொள், அதற்குப் பதிலும் தருகிறோம், இரண்டாவது பகுதி இங்கே கூடாது என்று சொல்லியிருக்கலாம். அவர் கேட்டிருப்பாரா என்பது வேறு. அந்த வாய்ப்பு அவருக்கும் கிடைக்கவில்லை, பாதிக்கப்பட்ட பெண்களுக்கும் ஒழுங்கான பதில் கிடைக்கவில்லை.

இப்போது காற்று திசை மாறிவிட்டது. 2025 ஜனவரியில் மெட்டா தன் பன்மைத்துவத் திட்டங்களை நிறுத்தியது. பிப்ரவரியில் கூகுள், பிரதிநிதித்துவம் குறைந்த பிரிவினரைச் சேர்ப்பதற்கான இலக்குகளைக் கைவிட்டது. இனி நிறுவனக் கொள்கைக்கு எதிராக எழுதப்போகிறவர், அந்த இலக்குகள் ஏன் தேவைப்பட்டன என்று சொல்ல நினைக்கும் ஒரு பெண் பொறியாளராக இருக்கலாம். 2017-ல் டமோரின் கொள்கை விமர்சனத்துக்கு எவ்வளவு இடம் இருந்திருக்க வேண்டும் என்று வாதாடினோமோ, அவருக்கும் அதே அளவு இடம் வேண்டும். அன்று டமோர் பக்கம் நின்றவர்கள் அவருக்காகவும் பேச வேண்டும் என்று எதிர்பார்க்கிறேன்.