புளோரிடாவில் தனி வீடா, காண்டோவா? சங்கத்தின் கை எதுவரை நீளும்?

வாங்குபவர்கள் விலையைத் துருவித் துருவிக் கேட்கிறார்கள். வீட்டு உரிமையாளர் சங்கத்தின் அதிகாரத்தைக் கேட்பதில்லை. (காண்டோ என்றால் பொதுக் கட்டடத்தில் சொந்தமாக வாங்கும் குடியிருப்பு.)

சட்டம்: புளோரிடா சட்டத் தொகுப்பில் தனி வீட்டுச் சங்கத்துக்கு அத்தியாயம் 720, காண்டோவுக்கு 718.

விதிமீறல் அபராதம்: இரண்டிலும் நாளொன்றுக்கு 100 டாலர், மொத்தம் 1,000 வரை. ஆனால் தனி வீட்டுச் சங்கம் தன் ஆவணங்களில் இந்த வரம்பை உயர்த்திக்கொள்ளலாம். 1,000 டாலரை எட்டிய அபராதம் வீட்டின் மீதே கடன் பொறுப்பாக (lien) ஏறலாம். காண்டோவில் ஏறாது. ஒரு சின்ன ஆறுதல்: 2024 திருத்தத்துக்குப் பிறகு, குப்பை வண்டி வரும் நேரத்துக்கு முன்னும் பின்னும் 24 மணி நேரத்துக்குள் தொட்டி வெளியே நின்றதற்காகத் தனி வீட்டுக்காரருக்கு அபராதம் போட முடியாது.

பராமரிப்புக் கட்டண பாக்கி: இரண்டிலும் வீடு ஏலத்துக்கே போகலாம்.

செலவு: 2021 சர்ப்சைடு கட்டட இடிபாட்டுக்குப் பின், மூன்று மாடியோ அதற்கு மேலோ உள்ள காண்டோக்களில் கட்டமைப்புப் பழுதுகளுக்கான சேமிப்பு நிதி கட்டாயம்; மாதத் தொகை எகிறுகிறது.

தோட்டம், வண்ணம் என்று ஆசைப்படுபவர் தனி வீட்டை எடுக்கலாம், ஆவணத்தை வரி விடாமல் படித்தபின். பராமரிப்புத் தொல்லை வேண்டாதவருக்குக் காண்டோ. நிதிக் கணக்கை முதலில் கேளுங்கள்.