ட்ரங்கன் மாஸ்டர் (1978): தலைகீழாய்த் தொங்கிக் கற்ற வித்தை

யூன் வூ-பிங் இயக்கி ஜாக்கி சான் நடித்த இந்த ஹாங்காங் குங்ஃபூ படத்துக்கு உயிரே பயிற்சிக் காட்சிகள்தான். காலை மாட்டித் தலைகீழாகத் தொங்க வேண்டும். கையில் இரண்டு சின்னக் கிண்ணங்கள். கீழே வாளியில் தண்ணீர் மொண்டு, வயிற்றை மடக்கி எழும்பி மேலே ஊற்ற வேண்டும். வலியும் சிரிப்பும் ஒரே அசைவில்! கேமரா தள்ளி நின்று முழு உடம்பையும் காட்டுவதால் உழைப்பு அப்படியே தெரிகிறது.

எட்டுக் குடிகாரத் தேவர்களின் அடிமுறையில் ஹோ என்னும் பெண்தேவதையின் பாணியை மட்டும் நாயகன் கற்காமல் விடுகிறான். கடைசிச் சண்டையில், வில்லனாக வரும் ஹ்வாங் ஜாங்-லீயின் உதைகளுக்கு முன்னால் அதுதான் தேவைப்படுகிறது. அங்கேயே சொந்தமாக ஒன்றைப் புனைகிறான். அற்புதம்! நடுவில் வரும் சில்லறைச் சண்டைகள்தான் கொஞ்சம் இழுவை. ஆங்கில டப்பிங்கைத் தவிர்த்து, காண்டனீஸ் ஒலியில் சப்டைட்டிலோடு பாருங்கள்.