குப்பைக் கிடங்கு ஓரம் வீடு கட்டுகிறீர்களா? ‘கேஸ் தடுப்பு’ வேலையில் எங்களை ஏமாற்றிய விதம்

தஞ்சாவூர், கும்பகோணம் பக்கம் பழைய குப்பைக் கிடங்குக்கு அருகே வீடு கட்டப் போகிறவர்கள் தயவுசெய்து இதைப் படியுங்கள். குப்பையிலிருந்து வரும் வாயு வீட்டுக்குள் புகாமல் தடுக்கும் ‘கேஸ் தடுப்பு’ வேலை என்று தனியாக பில் போட்டு எங்களிடம் பணம் வாங்கிய காண்ட்ராக்டர் செய்தது அத்தனையும் ஏமாற்று வேலை.

குப்பை மட்கும்போது கிளம்பும் வாயுவில் ஏறக்குறைய பாதி மீத்தேன், மீதி பெரும்பாலும் கரியமில வாயு. மேலே போக வழியில்லை என்றால் அது மண்ணுக்குள் பக்கவாட்டில் நகரும். நம் ஆற்றுப் படுகையில் மணல் அடுக்குக்குப் பஞ்சமில்லை. ஐப்பசி மழையில் மேல்மண் ஊறி அடைத்துக்கொண்டால் பக்கத்து வீட்டுத் தரைக்கடியில் வந்து சேர்ந்துவிடும். புயல் சின்னம் உருவாகி காற்றழுத்தம் சட்டென்று இறங்கும்போது இன்னும் வேகமாக வெளியே வரும். இங்கிலாந்தில் லாஸ்கோ என்ற ஊரில் 1986 மார்ச்சில் அப்படித்தான் ஒரு வீடு வெடித்துத் தரைமட்டமாகி, உள்ளே இருந்த மூன்று பேர் காயமடைந்தார்கள். காற்றில் 5 முதல் 15 சதவீதம் மீத்தேன் இருந்தால் ஒரு சுவிட்சின் பொறியே போதும்.

“நாத்தமே வரலையே சார், அப்புறம் என்ன கேஸ்?” என்றார் காண்ட்ராக்டர். மீத்தேனுக்கு வாசனையே கிடையாது! சமையல் கேஸில் வாசனையைச் சேர்த்து விடுகிறார்கள், அவ்வளவுதான்.

தெரிந்த இன்ஜினியர் ஒருவர் மீத்தேன் அளக்கும் மீட்டர் கொண்டுவந்து பார்த்தபோது பாத்ரூம் பைப் தரைக்குள் இறங்கும் இடத்தில் அளவு ஏறியது. அங்கே டைல்ஸைப் பெயர்த்தோம். வாயு புகாத கனமான விரிப்பு என்று பில்லில் இருந்தது. கீழே கிடந்தது சாதாரண கறுப்பு பாலித்தீன் ஷீட். இணைப்புகளைச் சூடாக்கி ஒட்டியிருக்க வேண்டும், பார்சல் டேப் சுற்றியிருந்தார்கள். பைப்பைச் சுற்றி ஷீட்டை வெட்டிய ஓட்டையில் என் கையே நுழைந்தது. வெளியே நட்டு வைத்த பிவிசி குழாயைப் பிடுங்கினால், அடியில் மூடி போட்டிருக்கிறது. துளையும் இல்லை, சுற்றிலும் ஜல்லியும் இல்லை. இதன் வழியாக எந்த வாயு வெளியே போகும்?

அலாரமும் அவர் விற்றதுதான். அது சமையல் கேஸுக்கானது, தரையோரம் மாட்டியிருந்தார். சமையல் கேஸ் காற்றைவிடக் கனம், கீழே தங்கும். மீத்தேன் லேசானது, கூரைப் பக்கம் ஏறும். மீத்தேனுக்கான அலாரத்தை மேலேதான் மாட்ட வேண்டும்.

பேஸ்மட்டம் மூடும் முன் நீங்களே நின்று விரிப்பின் ஒவ்வொரு இணைப்பையும், கரண்ட், தண்ணீர், டிரெய்னேஜ் பைப் நுழையும் ஒவ்வொரு இடத்தையும் பார்த்து போட்டோ எடுங்கள். விரிப்புக்கு அடியில் ஜல்லி அடுக்கும், அந்த ஜல்லிக்குள் துளையிட்ட குழாயும், அதிலிருந்து மொட்டைமாடிக்கு மேல் போகும் துளையில்லாத குழாயும் இருக்க வேண்டும். மனை வாங்கும் முன்பே கிடங்கு எவ்வளவு தூரம் என்று அளந்து பாருங்கள். குடியிருப்பிலிருந்து 200 மீட்டர் தள்ளி இருக்க வேண்டும் என்றன 2016ஆம் ஆண்டு திடக்கழிவு விதிகள்.

காண்ட்ராக்டர் இப்போது போனையே எடுப்பதில்லை. பில், போட்டோ, மீட்டர் அளவு எல்லாவற்றையும் வைத்து மாவட்ட நுகர்வோர் ஆணையத்தில் புகார் கொடுத்திருக்கிறோம். இதே போல் ஏமாந்தவர்கள் 2 ஆண்டுகளுக்குள் அங்கே போய்விடுங்கள்.