ஆப்பிள்சிங்கிளா, ஆப்பிள்டபுளா?

பழைய மேக் கோப்பில் இரண்டு பகுதிகள்: உள்ளடக்கம் இருக்கும் டேட்டா ஃபோர்க், ஐகான் போன்றவை இருக்கும் ரிசோர்ஸ் ஃபோர்க். யூனிக்ஸ் இயங்குதளத்துக்கு முதலாவது மட்டுமே புரியும். அதனால் ஆப்பிள், தன் சொந்த யூனிக்ஸான ஏ/யூஎக்ஸுக்காக இரு கோப்பு வடிவங்களை வகுத்தது.

ஆப்பிள்சிங்கிள் எல்லாவற்றையும் ஒரே கோப்பில் கட்டிவிடும். எதுவும் தொலையாது. ஆனால் பிரிக்கத் தெரியாத நிரலில் ஒன்றுமே திறக்காது.

ஆப்பிள்டபுள் உள்ளடக்கத்தைத் தொடாமல், மீதியைத் தனிக் கோப்பில் வைக்கும். மேக்கில் செருகிய பென்டிரைவை விண்டோஸில் திறந்தால் "._" என்று தொடங்கும் குட்டிக் கோப்புகள் தெரியுமே, அவை இதுதான். எரிச்சல்தான், ஜோடி பிரிந்தால் ஐகான் போன்ற கூடுதல் தகவலும் (மெட்டாடேட்டா) போச்சு. இருந்தாலும் என் ஓட்டு இதற்கே: உள்ளடக்கமாவது எங்கும் திறக்கும். மின்னஞ்சலில் மேக் கோப்பு அனுப்புவதற்கான இணைய நெறிமுறை ஆவணமான ஆர்எஃப்சி 1740-உம் (1994) டபுளையே பரிந்துரைத்தது.